யூராலஜி பக்கம் போக நினைக்கும் இளம் சர்ஜனுக்கு: சேலத்தில் இருந்தபடியே தொடங்கும் வழி

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்தவர்களுக்கும் கடைசி வருடத்தில் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஏற்காடு அடிவாரமோ ஆத்தூரோ சங்ககிரியோ, எங்கே வேலை பார்த்தாலும் நிலைமை ஒன்றுதான். யூராலஜி (சிறுநீர்ப் பாதை அறுவை) தியேட்டரில் ஓரமாக நிற்க விடுவார்கள், உடம்புக்குள் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பைக் கையில் தர மாட்டார்கள். சீனியரைக் குறை சொல்லவும் முடியாது. யூரிட்டருக்குள் (கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய்) விடும், வளையக்கூடிய யூரிட்டரோஸ்கோப் லட்சக்கணக்கில் விலை. நுனியை ஒருமுறை தவறாக மடக்கினால் ரிப்பேருக்குப் போய்விடும், அந்த வார லிஸ்ட் முழுக்கத் தள்ளிப் போகும். கை பழகியவனிடம்தான் ஸ்கோப் தருவார்கள், ஸ்கோப் தந்தால்தானே கை பழகும்? இந்த முடிச்சை நோயாளியின் உடம்புக்கு வெளியேதான் அவிழ்க்க வேண்டும். எதை முதலில் செய்வது, எதற்கு எவ்வளவு செலவு, எந்தக் காகிதத்தை எப்போது கேட்பது என்று யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. நான் அலைந்து தெரிந்துகொண்ட வரிசை இது.

1. காகிதங்களை இன்றைக்கே தொடங்குங்கள்

கையை விட மெதுவாக நகர்வது காகிதம். எம்.எஸ். பாஸ் ஆனதும் எல்லோரும் எம்.பி.பி.எஸ். பதிவு எண்ணை வைத்தே ஓட்டுகிறார்கள். முதுகலைத் தகுதியைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகத் தனியாகப் பதிய வேண்டும். ஃபெலோஷிப்புக்கோ கவுன்சலிங்குக்கோ கேட்கும்போது தொடங்கினால் நேரம் போதாது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புரொவிஷனல் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

ஒரு கோப்பில் இவை எப்போதும் தயாராக இருக்கட்டும்: எம்.பி.பி.எஸ்., எம்.எஸ். சான்றிதழ்கள், இரண்டு பதிவுச் சான்றிதழ்கள், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் (பிறந்த தேதிக்கு இதைத்தான் பார்க்கிறார்கள்), சாதிச் சான்றிதழ், ஆதார், துறைத் தலைவரின் பரிந்துரைக் கடிதம், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அட்டை. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பல மருத்துவமனைகள் தடுப்பூசி அட்டையோடு ஆன்டிபாடி அளவையும் கேட்கின்றன. தடுப்பூசி முழுக் கோர்ஸுக்கு ஆறு மாதம் ஆகும், அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளக்கூடியது இல்லை.

படிப்புக்குப் பின் கட்டாயப் பணி செய்யும் பாண்டில் இருக்கிறீர்களா? உங்கள் அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன, கேட்டால் எத்தனை நாளில் தருவார்கள் என்பதை இப்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். வாய்ப்பேச்சு உதவாது. கிளார்க் மாறினால் பேச்சும் மாறும்.

2. எதை முதலில் பழகுவது

புதியவர்கள் எல்லோருக்கும் கண் ரோபோ மேல். சரி, ஆசைப்படுங்கள். ஆனால் சேலம் வட்டாரத்தில் தினமும் வருவது கல்லும் புராஸ்டேட்டும்தான். என் கணக்கில் வரிசை இப்படி: சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பைக்குள் பார்ப்பது) டி.ஜே. ஸ்டென்ட் (யூரிட்டருக்குள் தற்காலிகமாக வைக்கும் மெல்லிய குழாய்) எடுப்பதும், அப்புறம் வயரும் (வழிகாட்டும் மெல்லிய கம்பி) ஸ்டென்ட் வைப்பதும், அப்புறம் அதிகம் வளையாத செமிரிஜிட் ஸ்கோப்பில் யூரிட்டரோஸ்கோப்பி. இந்த மூன்றும் கையில் நின்ற பிறகு டி.யு.ஆர்.பி. (சிறுநீர் வழியாகப் போய்ப் புராஸ்டேட்டை அறுத்தெடுப்பது), பி.சி.என்.எல். (முதுகில் துளையிட்டுக் கிட்னிக் கல்லை எடுப்பது). லேப்ராஸ்கோப்பித் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) தையலை மட்டும் எதற்கும் காத்திராமல் முதல் நாளே வீட்டில் தொடங்கலாம், ஏனென்றால் அதற்கு நோயாளியும் வேண்டாம் தியேட்டரும் வேண்டாம்.

டி.யு.ஆர்.பி.யை வீட்டில் பழக முயலாதீர்கள். கரண்டும் தண்ணீரும் சேர்ந்த வேலை அது. பழைய மோனோபோலார் மெஷினில் கழுவும் திரவமாகக் கிளைசின் 1.5 சதவீதம் ஓடும் இடத்தில், அறுக்கும் நேரம் ஒரு மணியைத் தாண்டாமல் பார்ப்பதும், நோயாளி குழம்பிப் பேசுகிறாரா, நாடி குறைகிறதா என்று மயக்க மருந்து டாக்டரோடு சேர்ந்து கவனிப்பதும்தான் புதியவருக்கு முதல் பாடம். கிளைசின் ரத்தத்தில் ஏறினால் சோடியம் இறங்கும். சலைன் ஓடும் பைபோலாரில் அந்த ஆபத்து குறைவு, அதனால் நேரத்தை மறந்துவிடுகிறார்கள். ரத்தப்போக்கும் உள்ளே இறங்கும் திரவமும் எந்த மெஷினிலும் உண்டு.

3. வீட்டுப் பெட்டி

கடையில் விற்கும் லேப்ராஸ்கோப்பி டிரெய்னர் வாங்க வேண்டாம். பாத்திரக் கடையில் கிடைக்கும் மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா போதும், முந்நூறு நானூறு ரூபாய். மூடியில் இரண்டு துளைகள் போட்டு, சைக்கிள் டியூபை வெட்டி மேலே இழுத்து ஒட்டி, நடுவில் சின்னக் கீறல் விடுங்கள். கருவி நுழையும் போர்ட் தயார். இரண்டு கருவிகளும் இலக்கில் சந்திக்கும்போது நடுவில் ஏறத்தாழ 60 டிகிரி இருக்கிற மாதிரி துளைகளை அமையுங்கள். கேமரா இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். ஓரத்தில் வைத்தால் தினமும் தவறான கோணத்துக்கே கை பழகும், பிறகு மாற்றுவது கஷ்டம்.

கேமராவில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆட்டோஃபோகஸ் வெப்கேம் வாங்காதீர்கள். கருவி அசையும்போதெல்லாம் படம் மங்கி மங்கித் தெளியும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். ஃபோகஸைப் பூட்டி வைக்க முடிகிற யு.எஸ்.பி. கேமராதான் வேண்டும், ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கிறது. லேப்டாப்பில் மிக உயர்ந்த தெளிவை வைத்தால் படம் தாமதமாக வரும். 720-க்கு இறக்கினால் கையும் படமும் ஒன்றாக ஓடும். உள்ளே ஒரு எல்.இ.டி. பட்டை.

கருவிகளில் கையைச் சுடுவது ஊசி பிடிக்கும் நீடில் ஹோல்டர். நம் நாட்டுத் தயாரிப்பே சில ஆயிரம். மேரிலாண்ட் பிடிகருவியும் கத்தரியும் தியேட்டரில் கழித்துப் போட்டவை கிடைக்கும். பூட்டு தேய்ந்த நீடில் ஹோல்டரை மட்டும் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள், ஊசி சுழன்றுகொண்டே இருக்கும். காலாவதியான தையல் நூலை ஸ்டோரில் கேட்டால் தருவார்கள். அதையும் ஒரு வரிக் கடிதம் எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்தோடு வாங்குங்கள். "டாக்டர் ஸ்டோரில் இருந்து எடுத்துப் போனார்" என்ற பேச்சுக்கு அதுதான் பதில். மொத்தமாகப் பத்தாயிரத்துக்குள் முடியும்.

பயன்படுத்திய ஊசிகளை வீட்டுக் குப்பையில் போடக் கூடாது. துளைக்க முடியாத டப்பாவில் சேர்த்து வைத்து, மருத்துவமனையின் வெள்ளைக் கலனில் கொண்டுபோய்ப் போடுங்கள்.

4. பெட்டியில் என்ன செய்வது

ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் இ-பிளஸ் தேர்வில் நான்கு வேலைகள்: பொருளை மாற்றி வைப்பது, வட்டமாக வெட்டுவது, ஊசியை வளையங்கள் வழியே கொண்டுபோவது, முடிச்சுப் போடுவது. முதல் வேலைக்கு 126 விநாடி, முடிச்சுக்கு 360 விநாடி என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நான்கையே எடுத்துக்கொள்ளுங்கள், வேறு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வளையத்துக்குச் சேலத்துக்காரர்கள் அலைய வேண்டாம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசு வேலை செய்பவர்களிடம் கழிவாகக் கிடக்கும் சின்ன வளையங்கள் கிடைக்கும். வெள்ளி வேண்டாம், வெள்ளை உலோகத்தில் செய்ததைக் கேளுங்கள். ஒரு தெர்மகோல் பலகையில் பத்து வளையங்களை ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கம் பார்த்தபடி குத்தி வையுங்கள். ஊசியை வலது கையால் நுழைத்து இடது கையால் வாங்கி, அடுத்த வளையத்துக்கு ஏற்றபடி கோணத்தைத் திருப்ப வேண்டும். முதல் வாரத்தில் ஊசி கையைவிட்டு நழுவிக்கொண்டே இருக்கும். கருவியின் பிடி வளையத்துக்கு எதிர்ப்பக்கம் போனால்தான் நுனி வளையத்தை நோக்கி வரும் என்பதைத் தலை சீக்கிரம் புரிந்துகொள்ளும், மணிக்கட்டுக்குத்தான் நாளாகும்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் உட்காருவதை விடத் தினமும் இருபது நிமிடம் செய்வது நன்றாக நிற்கும். நைட் டியூட்டி முடித்து வந்து செய்யாதீர்கள், தப்புத்தான் பழகும்.

இந்த நான்கும் வந்த பிறகு கோழிக்கடைக்குப் போங்கள். பிராய்லர் கடையில் தூக்கி எறியும் தீனிப்பையும் அதோடு சேர்ந்த உணவுக்குழாயும் பைலோபிளாஸ்டிக்கு (கிட்னியின் பையும் யூரிட்டரும் சேரும் இடத்து அடைப்பைச் சரிசெய்யும் ஆபரேஷன்) அருமையான மாதிரி. அகன்ற பை, குறுகிய குழாய், மெல்லிய சுவர். கழுவி, கீறி, 5-0 நூலில் இணைத்துத் தையுங்கள். பிறகு குழாய் வழியாகத் தண்ணீர் விட்டு எங்கே கசிகிறது என்று பாருங்கள். உங்களுக்கு மார்க் போட வேறு ஆள் வேண்டாம்.

5. குடமிளகாய், பன்றி கிட்னி

சிஸ்டோஸ்கோப்பிக்குக் குடமிளகாய். ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில் காய் சேலம் மார்க்கெட்டிலும் வருகிறது, பெரியதாக எடுங்கள். காம்புப் பக்கம் துளையிட்டுத் தண்ணீரை நிரப்பி, உள்சுவரில் மார்க்கர் நுனியால் நாலைந்து இடங்களில் புள்ளி வையுங்கள். ஸ்கோப் இல்லையென்றால் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் 5.5 மில்லிமீட்டர் யு.எஸ்.பி. போரோஸ்கோப்பை நேரான எஃகுக் கம்பியோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போய் எல்லாச் சுவரையும் விடாமல் பார்த்து, புள்ளிகளை எண்ணி வெளியே வந்து, காயை வெட்டிச் சரிபாருங்கள். ஒரு புள்ளி விட்டுப்போனால், நிஜத்தில் அது சின்னக் கட்டியாக இருந்திருக்கலாம்.

பி.சி.என்.எல். பஞ்சருக்கு எல்லோரும் ஆட்டுக் கிட்னியில் தொடங்குகிறார்கள், மட்டன் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பதால். அது சரிப்படாது. ஆட்டுக் கிட்னியில் பாப்பில்லாக்கள் (சிறுநீர் சொட்டும் முனைகள்) எல்லாம் ஒன்றாக இணைந்து ஒரே மேடாக இருக்கும், மனிதனுக்கு இருப்பது போலத் தனித்தனிக் கேலிக்ஸ் (அந்தச் சிறுநீரை வாங்கும் கிண்ணம்) கிடையாது. எந்தக் கேலிக்ஸில் குத்துவது என்பதுதான் இந்த ஆபரேஷனின் பாதி மூளை வேலை. அந்தப் பாடம் ஆட்டில் வராது, பன்றியில் வரும்.

வெண்பன்றிக் கறி விற்கும் கடையில் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்து, கொழுப்பை எடுத்து, குழாயை ஒட்ட வெட்டி, பாதியாகப் பிளந்து தந்துவிடுவார். நான் கேட்கப் போனபோது கடைக்காரர், "கிட்னி தானுங்க டாக்டரு, கழுவிப் பீஸ் போட்டுத் தர்றேன்" என்று கத்தியை எடுத்துவிட்டார். "வேணாங்ணா, கொழுப்போட முழுசா வேணும், அந்தக் குழாயை ஒரு சாண் விட்டு வெட்டுங்க" என்றால் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். பரவாயில்லை. இரண்டாம் தடவையிலிருந்து அவரே எடுத்து வைப்பார். விலை கறியை விடக் குறைவு.

குழாய் வழியாக 6 ஃப்ரெஞ்ச் தடிமனுள்ள கேத்தீட்டரை ஏற்றிக் கட்டிவிட்டு, பீட்ரூட் தண்ணீர் கலந்த சலைனைச் செலுத்தினால் கிட்னி உப்பும். இதைக் கடற்பாசியில் பதிக்க வேண்டும். மளிகைக் கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். லிட்டருக்கு இருபத்தைந்து முப்பது கிராம் போட்டுக் கொதிக்க வைத்து, ஒரு கரண்டி இசப்கோல் கலந்தால் அல்ட்ராசவுண்டில் திசு மாதிரிப் படம் வரும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கிட்னி வெந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் ஊற்றுங்கள், அதற்கு மேல் ஆறினால் கட்டியாகிவிடும். ஊற்றும்போது குமிழி விழாமல் பாருங்கள், குமிழி இருந்தால் படம் முழுக்க வெள்ளை நிழல்.

18 கேஜ் ஊசியை உள்ளே விட்டு, அதன் உள்கம்பியான ஸ்டைலெட்டை எடுத்ததும் சிவப்புத் தண்ணீர் சொட்டினால் உள்ளே இருக்கிறீர்கள். ஆனால் எங்கே? பெல்விஸில் (கேலிக்ஸ்கள் எல்லாம் சேரும் நடுப்பை) நேராகக் குத்தினாலும் தண்ணீர் வரும். அதனால் ஒவ்வொரு முறையும் கிட்னியை வெளியே எடுத்து வெட்டிப் பாருங்கள். ஊசி பாப்பில்லாவின் நடுவழியே கேலிக்ஸ் கிண்ணத்துக்குள் போயிருக்க வேண்டும். கேலிக்ஸின் கழுத்தில் போயிருந்தால் அங்கேதான் பெரிய ரத்தக்குழாய்கள் ஓடும்.

இங்கே சட்டப் பொறி ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்ட் மெஷினை வீட்டுக்கோ ஹாஸ்டலுக்கோ கொண்டுபோக முடியாது. பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி மெஷின் பதிவான இடத்தை விட்டு நகரக் கூடாது, சும்மா பழகத்தான் என்ற பதில் செல்லாது. மாதிரியைத்தான் மெஷின் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓ.பி. முடிந்த பிறகு, எழுத்து அனுமதியோடு, ஐஸ் பெட்டியில். ஏப்ரல் மாதச் சேலம் வெயிலில் ஸ்கூட்டரில் சும்மா கட்டிக்கொண்டு போனால், நீங்கள் போய்ச் சேரும் முன்பே வாசனை போய்ச் சேர்ந்துவிடும். இன்னொன்று: வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பதாக இருந்தால் வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள்.

6. வயர்

இதற்குத் தனித் தலைப்பு வேண்டும், ஏனென்றால் யூராலஜியில் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதில்தான். வயர் வெளியே வந்தால் வழியே போச்சு.

காலாவதியான 0.035 அங்குல வயர் ஒன்று, 150 சென்டிமீட்டர் நீளம். கூடவே 70 சென்டிமீட்டர் யூரிட்டரிக் கேத்தீட்டர் ஒன்று. ஸ்டோரில் கேட்டால் இரண்டும் கிடைக்கும். சாப்பாட்டு மேசையில் வயரை நீட்டி வைத்து, மேசை விளிம்பு வரும் இடத்தில் பேனாவால் குறி வையுங்கள். கேத்தீட்டரை வயர் மேல் ஏற்றி, முழுக்க உள்ளே தள்ளி, திரும்ப வெளியே இழுங்கள். குறி விளிம்பை விட்டு நகரக் கூடாது. இடது கை வயரைப் பிடித்திருக்கும்போதே வலது கை கேத்தீட்டரை இழுக்க வேண்டும், இழுத்த அளவுக்கு இடது கை பின்னால் நகர்ந்து பிடிக்க வேண்டும். சின்ன வேலை போலத் தெரியும். செய்து பாருங்கள், குறி ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

வழவழப்பான ஹைட்ரோஃபிலிக் வயர் என்றால் ஈரம் காயவே கூடாது. காய்ந்தால் கையுறையில் ஒட்டிக்கொண்டு கேத்தீட்டரோடு சேர்ந்து வெளியே வரும். ஈரமாக இருந்தாலோ தானாகவே நழுவி ஓடும். அதனால் சேஃப்டி வயராக (வழி தொலையாமலிருக்க உள்ளேயே விட்டுவைப்பது) அதை விட்டுவைக்காதீர்கள், சாதாரண வயருக்கு மாற்றிவிடுங்கள். மிச்ச நீளத்தைக் கையில் சுருட்டிப் பிடிக்கும் பழக்கமும் வேண்டும். சுருளை விட்டால் துள்ளிப் போய்த் தரையைத் தொடும், பிறகு சிஸ்டர் முகத்தைப் பார்க்க முடியாது.

7. தியேட்டரில் நிற்கும்போது

கையில் ஸ்கோப் வராத மாதங்களில் கேமராவைப் பிடியுங்கள், வயரைப் பிடியுங்கள், தண்ணீர் பாட்டிலின் உயரத்தைக் கவனியுங்கள். கல்லை உடைக்கும்போது தண்ணீரின் வேகத்தை யார் எப்போது குறைக்கிறார்கள் என்று பாருங்கள், கல் மேலே கிட்னிக்கு ஓடுவதும் ஓடாததும் அதில் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் யூரின் கல்ச்சர் வந்துவிட்டதா என்று வார்டிலேயே பார்த்து வைப்பவரைச் சீனியர்கள் மறப்பதில்லை. கிருமி இருக்கும்போது உள்ளே தண்ணீரை அழுத்தினால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும்.

யூரிட்டரோஸ்கோப் கையில் வரும் நாளில் ஒரே விதி: பாதை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மில்லிமீட்டர் கூடத் தள்ளாதீர்கள். 6/7.5 ஃப்ரெஞ்ச் ஸ்கோப்பின் நுனி இரண்டே மில்லிமீட்டர்தான், பின்பக்கம் தடிமன் ஏறும். நுனி போய்விட்டதே என்று தள்ளினால் பின்பகுதி இறுக்கிப் பிடிக்கும். யூரிட்டர் இறுக்கமாக இருந்தால் டி.ஜே. வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அதே யூரிட்டர் தளர்ந்து வழி விடும். பேஸ்கெட்டில் (கல் பிடிக்கும் கம்பிக் கூடை) பெரிய கல்லைப் பிடித்துக்கொண்டு இழுக்கவே கூடாது. கல்லோடு யூரிட்டரே கழன்று வந்த கேஸ்களைப் பற்றி ஒவ்வொரு சீனியரிடமும் ஒரு கதை இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

கதிர்வீச்சு பற்றி: உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பட்டையைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், காலாண்டுக்கு ஒரு முறைதான் அது ரீடிங்குக்குப் போய் வரும். பட்டையை ஈய ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சருகில் குத்த வேண்டும், டிராயரில் கிடக்கும் பட்டை எதையும் அளக்காது. வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் என்பது ஐந்து வருடச் சராசரி வரம்பு, எந்த ஒரு வருடமும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஏப்ரனை மடித்து நாற்காலியில் போட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தாள் விரிசல் விடும், வெளியே தெரியாது. சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினில் ட்யூப் மேசைக்குக் கீழேயும், படம் வாங்கும் தலை நோயாளியை ஒட்டியும் இருக்கட்டும். தேவையில்லாத நேரத்தில் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள். தூரம் இரட்டித்தால் அளவு கால்வாசியாகும்.

8. லாக்புக்கும் ஸ்டென்ட் கணக்கும்

லாக்புக்கில் (பார்த்த, செய்த கேஸ்களைப் பதியும் நோட்டு) நான்கு நிலை: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது. அன்றன்றைக்கு எழுதி அந்த வாரமே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக நீட்டினால் எந்தச் சீனியருக்கும் எரிச்சல்தான் வரும். நோயாளி பெயர் வேண்டாம், மருத்துவமனை எண் போதும்.

அதே நோட்டின் பின்பக்கத்தில் ஸ்டென்ட் கணக்கு. எந்தத் தேதியில் வைத்தது, எப்போது எடுக்க வேண்டும், எடுத்தாயிற்றா. வலி போனதும் மக்கள் ஸ்டென்டை மறந்துவிடுகிறார்கள். ஏற்காடு, சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் காப்பி அறுவடை நேரத்தில் கீழே இறங்குவதே இல்லை. கூலி போகுமே. மூன்று மாதத்தைத் தாண்டினால் ஸ்டென்டின் மேலேயே கல் படிய ஆரம்பிக்கும், வருடக்கணக்கில் விட்டால் அதை எடுக்கவே ஒரு பெரிய ஆபரேஷன். அதனால் இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று எஸ்டேட் மேஸ்திரியோ பக்கத்து வீட்டுக்காரரோ. ஸ்டென்ட் எடுக்கும் கேஸ்கள் உங்கள் கைக்கே வரும் என்பது இதில் கிடைக்கும் உபரி லாபம்.

வீட்டுப் பயிற்சியை முழுக்க வீடியோ எடுங்கள். கோல்ஸ் என்ற மதிப்பெண் முறையில் ஐந்து தலைப்பு: ஆழம் உணர்வது, இரு கையும் சேர்ந்து இயங்குவது, வீண் அசைவு இல்லாமை, திசுவை மென்மையாகக் கையாள்வது, தானே முடிப்பது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து, ஆக 25. உங்களுக்கு நீங்களே போடும் மார்க்கை நம்பாதீர்கள், ஒரு சீனியரிடம் மாதம் ஒரு வீடியோ காட்டுங்கள். நோயாளியின் ஆபரேஷன் வீடியோ என்றால் ஒப்புதல் வாங்கி, திரையில் பெயர் வராமல் எடுக்க வேண்டும். வாட்ஸாப் குழுவில் போடவே போடாதீர்கள்.

9. வெளியூர்ப் பயிற்சி

பார்வையாளராகப் போவது வேறு, கைவைத்துப் பழகுவது வேறு. விண்ணப்பிக்கும்போதே தெளிவாகக் கேளுங்கள். வேறு மாநிலத்தில் நோயாளி மேல் கைவைக்க அந்த மாநில மெடிக்கல் கவுன்சில் பதிவு தேவைப்படும், இங்கிருந்து தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். பார்வையாளருக்கு இந்தத் தலைவலி இல்லை.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போவது சேலத்துக்காரர்களுக்கு எளிது. ஜங்ஷனில் சென்னை வண்டி ஏறினால் மூன்று மணி நேரத்தில் காட்பாடி. சிமுலேட்டர்களோடு முறையான பயிற்சிக்கூடம் பார்க்க வேண்டுமென்றால் குஜராத்தின் நடியாடில் இருக்கும் முல்ஜிபாய் படேல் யூராலஜி மருத்துவமனை. அது தூரம், லீவு சேர்த்து வைத்துப் போக வேண்டும். எங்கே போனாலும் மாதக்கணக்கில் முன்பே கடிதம் எழுதுங்கள், கூடவே வேலை பார்க்கும் இடத்தின் ஒப்புதல் கடிதத்தையும் வையுங்கள்.

பயிலரங்குகளுக்குச் சில ஆயிரத்திலிருந்து பல ஆயிரம் வரை கட்டணம். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை பேர்? பெயர் வேண்டாம், நான் போன ஒன்றில் ஒரே சிமுலேட்டரைச் சுற்றி ஒரு வகுப்பே நின்றது. கையில் கிடைத்தது சான்றிதழும் சாப்பாட்டுக் கூப்பனும்தான். மூன்று நான்கு பேருக்கு மேல் என்றால் அந்தப் பணத்தில் நல்ல நீடில் ஹோல்டர் வாங்கிவிடலாம்.

10. சீட்

யூராலஜி மேற்படிப்புக்கு இரண்டு வழி: பல்கலைக்கழகப் பட்டமான எம்.சி.எச். மூன்று வருடம், தேசியத் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.என்.பி. மூன்று வருடம். இரண்டுக்கும் நீட் எஸ்.எஸ். ஒரே தேர்வு: 150 கேள்வி, 600 மார்க், தப்புக்கு மைனஸ் ஒன்று. ஜெனரல் சர்ஜரி முழுவதிலிருந்தும் கேட்கிறார்கள். யூராலஜிப் புத்தகத்தை மட்டும் கரைத்துக் குடித்தவர்கள் தைராய்டில் விழுகிறார்கள். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். தனித் தேர்வு, வருடத்துக்கு இரண்டு முறை. இதற்கு விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் நிறைய.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் 50 சதவீதம் தனி ஒதுக்கீடு. 2022-இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. பணிச் சான்றிதழை மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்திலோ டீன் அலுவலகத்திலோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள்.

எம்.சி.சி. (மத்திய மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்தும் கவுன்சலிங்குக்குப் பதிவுக் கட்டணம் 5,000, திரும்பத் தரும் வைப்புத்தொகை இரண்டு லட்சம். பலரும் இரண்டு லட்சத்தைக் கடைசி நாளில் தேடுகிறார்கள். எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ அதற்குத்தான் பணம் திரும்பும். அதனால் நண்பரின் கார்டிலோ பிரவுசிங் சென்டர் கணக்கிலோ கட்டாதீர்கள், பணம் திரும்பும் வரை அந்தக் கணக்கை மூடவும் வேண்டாம். கார்டின் ஒரு நாள் வரம்பை வங்கியில் முன்பே உயர்த்தி வையுங்கள்.

சாய்ஸ் நிரப்பும்போது ஊரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே இப்போது படிக்கும் இரண்டாம் வருடத்துக்காரரிடம் பேசுங்கள். முதல் வருடத்தில் யூரிட்டரோஸ்கோப் கையில் வருகிறதா, பி.சி.என்.எல். பஞ்சர் ரேடியாலஜிஸ்ட் போடுகிறாரா யூராலஜிஸ்ட் போடுகிறாரா, கல் உடைக்கும் லேசர் இருக்கிறதா, இருந்தால் அதற்கான ஃபைபர் இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு அவர் சிரித்தால் விஷயம் புரிந்துவிடும்.

சீட் கிடைத்ததும் சேர்வதற்குச் சில நாட்கள்தான் தருவார்கள். தனியார் மருத்துவமனையில் ஒரு மாத நோட்டீஸ் இருந்தால், கவுன்சலிங் பதிவு செய்யும்போதே நிர்வாகத்திடம் பேசி, சீட் வந்தால் உடனே விடுவிப்பதாக எழுதி வாங்குங்கள்.